பாட்டிலில் குமிழி நின்ற கனவு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். "எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயமா இருக்கு" என்று எழுதியிருந்தீர்கள். இல்லை, பேதலிக்கவில்லை. கொரோனா வார்டில் இரண்டு அலையிலும் டியூட்டி பார்த்த ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு, வருடங்கள் கழிந்தும் அந்த வார்டு கனவில் வருகிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு காயம் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் உண்டு. கடிதத்தின் பின்பகுதியில் அதை விவரமாகச் சொல்கிறேன். பத்திரிகையிலேயே பதில் எழுதலாம் என்று நீங்கள் சம்மதித்தது பெரிய விஷயம். வெளியில் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்திருக்கும் பலருக்கு இது போய்ச் சேரும். உங்கள் ஊர், மருத்துவமனை, அடையாளம் எதையும் நான் இங்கே குறிப்பிடவில்லை.

மற்ற வாசகர்களுக்காக உங்கள் கனவை ஒருமுறை சொல்கிறேன். இரவு டியூட்டி. வார்டில் நீங்கள் மட்டும். ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் சுவரில் ஆக்சிஜன் ஃப்ளோ மீட்டர், அதன் அடியில் தண்ணீர் பாட்டில். ஆக்சிஜன் ஓடும்வரை அந்தத் தண்ணீர் சளசளவென்று குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். கனவில் முதல் கட்டிலின் பாட்டிலில் குமிழி நின்றுபோகிறது. ஓடிப்போய் வால்வைத் திருகுகிறீர்கள். அதற்குள் அடுத்த பாட்டில் நிற்கிறது. அதற்கு அடுத்ததும். காகிள்ஸில் ஆவி படிந்து மானிட்டரில் சாச்சுரேஷன் எண் தெரியவில்லை. கையுறையை இரட்டையாகப் போட்டிருப்பதால் விரல் வழுக்குகிறது. டாக்டரைக் கூப்பிட்டுக் கத்துகிறீர்கள். சத்தம் பிபிஇ கிட்டுக்குள்ளேயே அமுங்கிப்போகிறது. கட்டிலில் இருப்பவர்கள் யாரும் அலறுவதில்லை. குப்புறப் படுத்தபடி முகத்தை மட்டும் திருப்பி உங்களையே பார்க்கிறார்கள்.

விழித்ததும் நைட்டி வேர்வையில் நனைந்திருக்கும், எழுந்து குழந்தைகளின் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். "உங்கள் வார்டில் நிஜமாகவே ஆக்சிஜன் நின்றதா?" என்று நான் கேட்டு எழுதியதற்கு, "ஒருநாளும் நிற்கவில்லை சார், அதனால்தான் ஏன் இப்படி வருகிறது என்று புரியவில்லை" என்று பதில் போட்டீர்கள்.

உங்கள் கேள்வியின் மையம் அதுதான் என்று நினைக்கிறேன். நடக்காத ஒன்று ஏன் திரும்பத் திரும்ப வர வேண்டும்?

போஸ்டனில் பணியாற்றிய மனநல மருத்துவர் எர்னஸ்ட் ஹார்ட்மன், பெரிய ஆபத்துகளில் தப்பியவர்களின் கனவுகளைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். வீடு தீப்பிடித்துத் தப்பி வந்தவரின் கனவில் தீ வராமல், ராட்சத அலை ஒன்று எழும்பி அவரை அடித்துக்கொண்டு போவதுண்டு என்பதை அவர் கவனித்தார். நடந்த சம்பவத்தை அப்படியே திருப்பிக் காட்டுவதைவிட, அந்த நேரத்துப் பயத்துக்கு ஏற்ற ஒரு படத்தைக் கனவு தேடிக்கொள்கிறது என்பது அவர் கருத்து. உங்கள் விஷயத்தில் படத்தைத் தேடித் தூரம் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 2021 மே மாதத்து இரவுகளில் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்? அந்தப் பாட்டில்களைத்தான். டெல்லியில் ஆக்சிஜன் தீர்ந்து நோயாளிகள் இறந்த செய்தி நர்ஸிங் ஸ்டேஷனில் எல்லார் போனிலும் ஓடியது. சென்னையில் அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. உங்கள் வார்டில் நிற்கவில்லை; நின்றுவிடுமோ என்ற பயம் மட்டும் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கனவில் வருவது அந்தப் பயம்.

உங்களுக்கு மட்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில், ஹார்வர்டைச் சேர்ந்த உளவியலாளர் டெய்ட்ரே பேரட், கொரோனா பற்றிக் கண்ட கனவுகளைச் சொல்லுங்கள் என்று இணையத்தில் கேட்டார். பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் கனவுகள் வந்தன. அந்த ஆண்டே அவற்றைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பொதுமக்களின் கனவில் வைரஸ் பல வேஷம் போட்டு வந்தது. கூட்டம் கூட்டமாகப் பறந்து வந்து மொய்க்கும் பூச்சிகள், நெளியும் புழுக்கள், சுனாமி, சூறாவளி, மறைந்திருந்து சுடுகிறவன். வார்டில் வேலை பார்த்தவர்களின் கனவில் அந்த வேஷம் எதுவும் இல்லை. நேரே வார்டுதான் வந்தது. மூச்சுக்குத் தவிக்கும் நோயாளி, உள்ளே இறங்காத குழாய், வேலை செய்யாத வென்டிலேட்டர், காப்பாற்ற வேண்டிய பொறுப்பு தன் தலையில், கை மட்டும் ஓடவில்லை. இராக் ஆக்கிரமிப்பில் இருந்து மீண்ட குவைத் மக்களின் கனவுகளையும், நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிந்தைய கனவுகளையும் முன்பே ஆராய்ந்தவர் பேரட். மருத்துவப் பணியாளர்களின் கனவுகள்தான் அப்படிப்பட்ட அதிர்ச்சிக் கனவுகளுக்கு மிக நெருக்கமாக இருந்தன என்கிறார். எங்கோ ஒரு ஊரில் முகம் தெரியாத ஒரு நர்ஸ் உங்கள் கனவையே கண்டுகொண்டிருந்தார் என்று நீங்கள் தாராளமாக நம்பலாம்.

பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் அனு-கத்ரீனா பெசோனென் குழு, ஊரடங்கின் ஆறாவது வாரத்தில் 4,275 பேரிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டது. அதில் 811 பேர் கனவையும் எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவற்றில் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று கணினியை விட்டுப் பிரித்தபோது 33 கொத்துகள் கிடைத்தன. 20 கொத்துகள் கெட்ட கனவுகள். அவற்றில் பாதிக்கு மேல் நேரடியாகக் கொரோனா. தவறிப்போய் ஒருவரைக் கட்டிப்பிடித்துவிட்டது, மறந்துபோய்க் கை குலுக்கிவிட்டது, இடைவெளி விடாத கூட்டத்தில் மாட்டிக்கொண்டது, இப்படி. தனித்தனி வீட்டில் அடைந்து கிடந்தவர்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே ஒரே கனவைக் கண்டிருக்கிறார்கள்.

கை குலுக்கும் பழக்கம் நம்மிடம் அவ்வளவாக இல்லை. என் கனவில் வந்தது பந்தி. ஏதோ ஒரு கல்யாண மண்டபம், இலை போட்டுச் சாதம் விழுந்துவிட்டது, இரண்டு பக்கமும் தோளோடு தோள் இடிக்க ஆட்கள். திடீரென்று உறைக்கிறது, ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை, என் முகத்திலும் இல்லை. எழுந்து ஓட வேண்டும். பந்தியில் பாதியில் எழுந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் பரிமாறுகிறவருக்கும் அவமரியாதை. அந்த ஊசலாட்டத்திலேயே விழித்துவிடுவேன். உயிர்ப் பயத்தின் நடுவிலும் பந்தி மரியாதை பார்க்கிற மனது ஹெல்சிங்கியில் கிடைக்காது. பயம் பொதுவாக இருந்தாலும் அது வந்து உட்கார்ந்த இடம் ஊருக்கு ஊர் வேறு.

இதில் இன்னொரு வேதனையும் இருந்தது. கனவில் கல்யாணத்தைக் கண்டால் வீட்டில் சாவு விழும், சாவைக் கண்டால் கல்யாணம் நடக்கும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே. பஞ்சாங்கத்தில் கனவு பலன் பார்க்கிற வீடுகள் இன்னும் எத்தனையோ. கூட்டத்துக்கும் விசேஷத்துக்கும் ஏங்கிப் போன மனது அந்த மாதங்களில் கல்யாண வீட்டைக் கனவு காண்பது மிக இயல்பு. அதைக் கண்டுவிட்டு, யாருக்கு என்ன ஆகப் போகிறதோ என்று காலையில் முதல் வேலையாக ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் போன் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஏக்கத்தில் வந்த கனவு, எச்சரிக்கையாக மாறி அவர்களை வதைத்தது.

நம்பிக்கைகள் எல்லாவற்றையும் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று உங்கள் மாமியார் சொன்னதைக் கேட்டுத்தான் நீங்கள் அதிகம் பயந்திருக்கிறீர்கள். பலிக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் விடியற்காலையில் வரும் கனவு நீளமானது, தெளிவானது, மறக்காதது என்பதை நம் பாட்டிமார்கள் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். மூடிய இமைக்குள் விழி வேகமாக அசையும் தூக்கம் ஒன்று உண்டு என்று 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்தார்கள். அழுத்தமான, கதைபோல் ஓடும் கனவுகள் பெரும்பாலும் அந்தத் தூக்கத்தில்தான் வருகின்றன. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை அது வந்து போகும். முன்னிரவில் சில நிமிடங்களோடு முடிந்துவிடும். விடிய விடிய நீண்டுகொண்டே போகும். வேலைக்கு ஓடுகிறவர்கள் ஐந்து மணி அலாரத்தில் அந்த நீளமான பகுதியைத்தான் வழக்கமாக வெட்டிப் போடுகிறோம்.

2020 மார்ச் 25 முதல் இந்தியா முழுக்க ஊரடங்கு. பஸ் பிடிக்க வேண்டாம், பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டாம். அலாரம் இல்லாமல் தூங்கியவர்களுக்கு அந்தக் கடைசிப் பகுதி முழுதாகக் கிடைத்தது. பின்லாந்து ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முன்பைவிட அதிகம் தூங்குவதாகச் சொன்னார்கள். பிரான்ஸில் லியோன் நகரத்து நரம்பியல் ஆய்வு மையம் கேட்டபோது, கனவுகள் நினைவில் நிற்பது 35 சதவீதம் கூடியிருந்தது. பகலில் புதிதாக எதுவும் நடக்காததால் மனது பழைய சரக்கைத் தோண்டி எடுத்தது என்றும் சில ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பள்ளிக்கூடத்து நண்பர்கள், விற்றுவிட்ட பழைய வீடு, எப்போதோ இறந்துபோன தாத்தா எல்லாரும் அந்த மாதங்களில் வந்துபோனதை வாசகர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

உங்களுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். வாரக்கணக்கில் சரியான தூக்கமே இல்லாத டியூட்டி. பிறகு தனிமைப்படுத்திக்கொள்ள ஒரு லாட்ஜ் அறை. அங்கேதான் முதல்முறையாக அந்தக் கனவு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. கனவுத் தூக்கத்தைப் பல நாள் மறித்தால், தூங்கக் கிடைத்த முதல் சந்தர்ப்பத்தில் உடம்பு அதை வட்டியோடு வசூல் பண்ணிக்கொள்ளும். அப்போது கனவுகள் அடர்த்தியாக வரும், முரட்டுத்தனமாகவும் வரும். பாதியில் பதறி விழிப்பதால் அவை இன்னும் ஆழமாகப் பதியும். அதிகம் தூங்கியவர்களும் தூக்கமே இல்லாதவர்களும் வேறு வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் நின்றார்கள்.

விடியற்காலைத் தூக்கம் என்று எழுதும்போது, 2020 மே 8-ஐ என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மகாராஷ்டிராவின் ஜால்னாவில் இரும்பு ஆலையில் வேலை பார்த்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள், ஊர் போக ரயில் கிடைக்கும் என்று தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்தார்கள். ஊரடங்கில் ரயில் எதுவும் ஓடாது என்று நம்பி, அசதியில் தண்டவாளத்திலேயே படுத்துவிட்டார்கள். அவுரங்காபாத் அருகே விடியற்காலையில் வந்த சரக்கு ரயிலில் 16 பேர் இறந்தார்கள். அவர்கள் கையோடு கொண்டுவந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊரடங்கு மக்களுக்குக் கூடுதல் தூக்கம் தந்தது என்று ஆய்வுகளில் படிக்கும்போதெல்லாம் அது யாருக்கு என்ற கேள்வி எனக்குள் எழுகிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தவர்களுக்குத் தந்தது. நடந்தவர்களுக்கும் உங்களுக்கும் தரவில்லை.

பெண்களுக்கும் அதிகம் தரவில்லை. பேரட் தான் சேகரித்ததில் 2,888 பேரின் கனவுகளைச் சாதாரணக் காலத்துக் கனவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பெண்களின் கனவுகளில் பதற்றம், துக்கம், கோபம், நோய், சாவு எல்லாமே தெளிவாகக் கூடியிருந்தன, சந்தோஷம் குறைந்திருந்தது. ஆண்களிடம் மாற்றம் அவ்வளவு இல்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. மூன்று வேளையும் அடுப்பு, இருக்கிற ஒரு போனில் இரண்டு பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, வாங்கி வந்த காயை எல்லாம் மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவுவது, வாசலில் வேப்பிலை, எல்லாருக்கும் கபசுரக் குடிநீர், யாராவது இருமினால் நெஞ்சு திடுக்கிடுவது, எல்லாம் பெண்கள் தலையில்தான். பிரேசிலில் நதாலியா மோட்டா, சிதார்த்தா ரிபெய்ரோ குழுவினர் 67 பேரிடம் செல்போன் செயலி வழியாகக் கனவுகளை அவரவர் குரலிலேயே வாங்கி ஆராய்ந்தார்கள். கோபமும் சோகமும் கூடியிருந்ததோடு, தொற்று, சுத்தம் என்ற இரண்டைச் சுற்றியும் கனவுகள் சுழன்றன. கழுவிக் கழுவிப் பழகிய கை தூக்கத்திலும் ஓயவில்லை.

ஒரு காலத்தின் பயம் தனி மனிதர்களின் தூக்கத்துக்குள் எப்படி இறங்குகிறது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த மிகத் துணிச்சலான வேலையைச் செய்தவர் ஷார்லட் பெராட். பெர்லினில் வாழ்ந்த யூதப் பத்திரிகையாளர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததிலிருந்து 1939-ல் தான் தப்பிப் போகும்வரை, அக்கம்பக்கத்தவர், தையல்காரர், பால்காரர், மருத்துவர் என்று கிடைத்தவர்களிடமெல்லாம் ஏறத்தாழ 300 கனவுகளைக் கேட்டு எழுதினார். மாட்டினால் உயிர் போகும். அதனால் சங்கேதம் வைத்தார். ஹிட்லர் ஒரு மாமா, கட்சி ஒரு குடும்பம், கைது என்றால் ஃப்ளூ காய்ச்சல். எழுதிய தாள்களைப் புத்தக அட்டைகளுக்குள் ஒளித்துவைத்தார். 1966-ல்தான் அது நூலாக வந்தது. அதில் ஒரு மருத்துவரின் கனவு இருக்கிறது. இரவில் நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டுச் சோபாவில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று அறையின் சுவர்கள் மறைகின்றன. எழுந்து பார்த்தால் ஊரில் எந்த வீட்டுக்கும் சுவர் இல்லை.

கனவு கண்டவரின் மனக்கோளாறு என்று பெராட் எதையும் ஒதுக்கவில்லை. எல்லாரையும் ஒரே நேரத்தில் அழுத்திய ஒன்றுக்குச் சாட்சியாகத்தான் அவற்றைச் சேர்த்துவைத்தார். உங்கள் கனவையும் நான் அப்படித்தான் படிக்கிறேன். அந்த வார்டின் பயம் அரசாங்கத்துக்கும், வெளியே வராண்டாவில் காத்திருந்த குடும்பங்களுக்கும், நாட்டுக்கே பொதுவானது. அது முடிந்துவிட்டது என்று எல்லாரும் கலைந்து போனபோது, மிச்சத்தைச் சுமக்க உங்களைத் தனியாக விட்டுவிட்டோம். "முடிஞ்சு போனதை ஏன் இழுத்துக்கிட்டு இருக்கே" என்று உங்கள் கணவர் கேட்பதில் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் அவர் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதை நீங்கள் இழுத்துக்கொண்டு இல்லை. அதுதான் உங்களை இழுக்கிறது.

2020 நவம்பரில் லண்டன் அருங்காட்சியகம், கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் கனவுகளுக்கான அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, லண்டன்வாசிகளின் ஊரடங்குக் கனவுகளை அவரவர் வாய்மொழியாகவே பதிவு செய்யப்போவதாக அறிவித்தது. படித்தபோது பொறாமையாக இருந்தது. நான் படித்த எந்த ஆய்விலும் தமிழில் சொன்ன கனவு ஒன்றுகூட இல்லை. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடியபோது மூட்டை தூக்கியவர்கள் கிடைத்த லாரியில் ஊர் திரும்பினார்களே, அவர்களுக்கு என்ன கனவு வந்திருக்கும்? தகரம் அடித்த தெருக்களில் குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கு? இரவு பகல் பாராமல் எரியூட்டிய மயானத் தொழிலாளர்களுக்கு? அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல், பிளாஸ்டிக் சுற்றிய பொதியாக மட்டும் பார்த்த பிள்ளைகளுக்கு? பாதித்தவர் எண்ணிக்கையும் இறந்தவர் எண்ணிக்கையும் தினமும் மாலை டிவியில் வந்தது. அந்த எண்களோடு தூங்கப் போனவர்களை யாரும் கேட்கவில்லை.

கனவைச் சொல்வது நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கெட்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி ஒரு பரிகாரம் சொல்கிறாள். கண்ணகி அதை ஏற்கவில்லை. பரிகாரத்தை ஏற்காவிட்டாலும், கனவைக் கேட்க அவளுக்கு ஒருத்தி இருந்தாள். உங்களுக்கு அந்த ஒருத்திகூட இத்தனை வருடம் இல்லை.

இனி வைத்தியம். உங்களுடையதுபோல ஒரே கெட்ட கனவு மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால், அதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. மருந்து மாத்திரை இல்லாதது. பகலில், நன்றாக விழித்திருக்கும்போது செய்வது. கனவை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அதை உங்கள் விருப்பம்போல் மாற்றி இன்னொரு தாளில் எழுதுங்கள். எந்த இடத்தில் மாற்றுவது, எப்படி மாற்றுவது என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். வார்டின் கதவு திறந்து உங்களோடு வேலை பார்த்த அத்தனை பேரும் உள்ளே வரலாம். நோயாளிகள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்து டீ கேட்கலாம். நம்பும்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் போதும். அந்தப் புதுக் கனவை மட்டும் தினமும் பத்து, இருபது நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டிப் பாருங்கள். பழையதைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிப் பல வருடங்களாகக் கெட்ட கனவுகளோடு இருந்த 168 பெண்களிடம் பாரி கிராக்கோ என்ற மருத்துவரின் குழு இதைச் சோதித்தது. முடிவு 2001-ல் வெளியானது. பயிற்சி செய்தவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கம் மேம்பட்டது. அவர்கள் அனுபவித்ததை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

நேரே இந்தப் பெரிய கனவில் கை வைக்காதீர்கள். நீங்கள் எழுதிய இன்னொன்று இருக்கிறதே, பிபிஇ கிட்டின் ஜிப் கழற்ற வராமல் மாட்டிக்கொள்கிற கனவு, அதிலிருந்து தொடங்குங்கள். பதற்றம் கூடுகிற மாதிரி இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு மருத்துவர் துணையோடு செய்வதுதான் நல்லது. கனவோடு கூட, அந்த வார்டு இருக்கும் பக்கமே போகாமல் சுற்றிப் போவது, மானிட்டர் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப்போடுவது, பிள்ளைகளிடம்கூட ஒட்டாமல் மரத்துப்போனது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருந்தும், கூட வேலை பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தயங்குகிறீர்கள். அப்படியானால் பக்கத்து மாவட்டத் தலைமை மருத்துவமனை ஓபிக்குப் போங்கள். முதலில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ஒன்றே ஒன்று: வார்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற தூக்க மாத்திரையை நீங்களாக எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்களுக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கொரோனா காலத்துக் கனவு ஒன்று இன்னும் நினைவில் இருந்தால் எழுதி அனுப்புங்கள். எந்த மாதம், அப்போது என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. அழகாக எழுத வேண்டியதில்லை, பலன் கேட்கவும் வேண்டாம். பெயர் போடாமல் பத்திரமாக வைப்பேன்.

சகோதரி, உங்களோடு அந்த இரவு டியூட்டிகளில் இருந்த இன்னொரு சிஸ்டர் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்று எழுதியிருந்தீர்கள். ஓபிக்குப் போகும்முன் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். அவருக்கும் தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்தே போங்கள். போய்வந்த பிறகு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும் அண்ணன்